ஊதாத கிண்ணம்

எங்க வீட்டுக்காரர் கண்ணாடி ஊதுறவர். காலேஜ் லேபுக்கு வேண்டிய குழாய், குடுவை எல்லாம் அவர் மூச்சுல பொறந்ததுதான். நுரையீரல்ல ப்ளூரிசி வந்து மூணு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தார். "இனி ஊதினீங்கன்னா உயிருக்கு நான் பொறுப்பில்லை"ன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார். காலேஜ்ல வேலையை விட்டு எடுக்கலை, நல்ல மனுஷங்கதான். ஆனா ஸ்டோர் ரூம்ல உட்கார வெச்சு, மத்தவங்க ஊதினதை எடுத்துக் கொடுக்கச் சொன்னாங்க. அதுக்குப் பதிலா அவரை ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தா வாயே திறக்க மாட்டார். எனக்கோ பேசாத ஆளோட உட்கார்ந்தா சோறு இறங்காது. "சண்டையாவது போடுங்களேன்"னு கேட்டிருக்கேன்.

ஒரு நாள் சாயங்காலம் சைக்கிளை வாசல்ல அப்படியே போட்டுட்டு உள்ள ஓடி வந்தார். காலேஜ் லைப்ரரியில ஒரு தடிப் புஸ்தகத்துல ரோமாபுரிக் கண்ணாடிக் கிண்ணம் ஒண்ணோட படத்தைப் பார்த்திருக்கார். ரெண்டாயிரம் வருஷத்துக் கிண்ணம். வெளிப்பக்கம் சுத்தி வரி வரியா மேடு, பரங்கிக்காய் மாதிரி.

"இதை ஊதிப் பண்ணலைடி!"

"சரி, அதுக்கென்ன இப்போ?"

"அட, மூச்சே வேண்டாங்கறேன்!"

அப்போதான் எனக்கு உறைச்சுது.

எப்படிப் பண்ணாங்கன்னு அந்தப் புஸ்தகத்துல தெளிவா இல்லை. படிச்சவங்களுக்குள்ளேயே அதுல தகராறாம். இவர் தானே பண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறேன்னு இறங்கிட்டார். கொல்லையில நான் துணி துவைக்கிற இடம் போச்சு, கரி உலை வந்துச்சு. எங்க பேட்டை பிரேசர் டவுன்ல எங்கே கோலி சோடா பாட்டில் உடைஞ்சாலும் எங்க வீட்டுக்குத்தான் வரும். அதை உருக்கினா படத்துல இருக்கற அதே பச்சை வருதுன்னு அவருக்கு ஒரே சந்தோஷம். உருகினதைக் கல்லு மேல ஊத்தி, தோசையாட்டம் வட்டமாக்கி, இளக்கமா இருக்கும்போதே வரி வெட்டின கட்டையால அமுக்கணும். அப்புறம் கவுத்து வெச்ச மண் அச்சு மேல போட்டு மறுபடி சூடு காட்டினா, அதுவா வளைஞ்சு கிண்ணமாயிடும். துருத்தி போடறது நான். "மூச்சு வேண்டாம்னீங்க, இப்ப என் மூச்சுல்ல போகுது!"ன்னு கத்துவேன். சிரிப்பார். அவர் சிரிக்கிறதுக்காகவே இன்னும் ரெண்டு கத்து சேர்த்துக் கத்துவேன்.

மொதல்ல பண்ணினதெல்லாம் அச்சோட ஒட்டிக்கிச்சு. சாம்பல் பூசினதும் அந்தப் பேஜார் தீர்ந்துச்சு. அப்புறம் ஆறும்போது வெடிக்க ஆரம்பிச்சுது. கண்ணாடி ரொம்ப மெதுவா ஆறணுமாம். எங்க கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாயோட பேக்கரி. வெள்ளிக்கிழமை அவர் ரொட்டி போட மாட்டார். அதனால வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்பை நல்லா ஏத்தி, கிண்ணத்தை உள்ள வெச்சுக் கதவைச் சாத்தி, சனிக்கிழமை காலையில திறக்கிறதுன்னு ஏற்பாடு. "அரே அண்ணே, என் பன்னுக்குக்கூட இவ்வளவு மரியாதை இல்லையே!"ன்னு பாய் சிரிச்சார்.

இவர் சிரிக்கலை. "இதுவும் வெடிச்சா விட்டுடறேன். இனிமே எனக்கு ஸ்டோர் ரூம்தான்"னார்.

அது கிறிஸ்துமஸ் மாசம். எங்க பக்கத்துல கேக்குக்கு வீட்டுலயே மாவு கலந்து, டின்ல ஊத்தி, பாய் அடுப்புக்குக் கொண்டு போவோம். உள்ள வெச்சப்புறம் சும்மா இருக்க மாட்டோம். அடிக்கொரு தரம் கதவைத் திறந்து ஈர்க்குச்சியால குத்திப் பார்த்தாத்தான் எங்க பொம்பளைங்களுக்கு நிம்மதி. பாய் தலையில அடிச்சுக்குவார். அதே புத்திதான் எனக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் இவர் காலேஜ்ல, பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் போய்க் கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தேன்.

முழுசா இருந்துச்சு. பச்சைப் பசேல்னு, அத்தனை வரியோட. என் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அப்போ உள்ள 'டிக்'குன்னு ஒரு சத்தம்.

சனிக்கிழமை ரெண்டு துண்டா வெளிய வந்துச்சு. அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊதவும் லாயக்கில்லை, ஊதாமலும் லாயக்கில்லை"ன்னார். அவ்வளவுதான். ஓயாம பேசற எனக்கு அன்னிக்கு வாய் வரலை. பயம்னு சொல்ல முடியாது, வெட்கம். ஞாயித்துக்கிழமை கோயில்ல முட்டி போட்டப்பவும் கர்த்தரைப் பார்க்காம அவர் முதுகையே பார்த்துட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்தா, உலையைப் பிரிச்சுக் கல்லை ஒண்ணொண்ணா எடுத்துட்டு இருக்கார்.

"நான்தாங்க திறந்தேன்."

"எதை?"

"அடுப்பை. வெள்ளிக்கிழமை மத்தியானம். பார்க்கறப்போ முழுசா இருந்துச்சு. திறந்தப்புறந்தான் விரிசல் விட்டுச்சு."

கையில கல்லோட என் பக்கம் திரும்பினார். "முழுசா இருந்துச்சா? நீ கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன்."

"வரி?"

"எல்லாம் சரியா இருந்துச்சுங்க."

கல்லைக் கீழ போட்டுட்டு அதும் மேலயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைச்சுட்டு, "அறிவு கெட்டவளே, நேத்தே சொல்றதுக்கென்ன!"ன்னு ஆரம்பிச்சார் பாருங்க, கல்யாணமான நாள்லேருந்து அப்படி ஒரு திட்டு வாங்கினதில்லை. முழுசா நின்னு வாங்கிக்கிட்டேன். நோயில போன ஆள் அந்தத் திட்டோடதான் எனக்குத் திரும்பி வந்தார்.

பிரிச்ச உலையைத் திரும்பக் கட்டி, அடுத்த வியாழக்கிழமை புதுசா ஒரு கிண்ணம் பாய் அடுப்புக்குப் போச்சு. நான் ஒக்கலிபுரத்துல என் அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். யாரும் போகச் சொல்லலை, எனக்கே என் மேல நம்பிக்கை இல்லை. சனிக்கிழமை காலையில ஜட்கா வண்டி பிடிச்சுத் திரும்பினா, பேக்கரி வாசல்ல அவரும் பாயும் பல்லெல்லாம் தெரிய நிக்கறாங்க. அவர் கையில கிண்ணம், ஒரு கீறல் இல்லாம.

நான் கிட்டப் போகலை, கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டேன். அவர் வந்து என் கையைப் பிடிச்சு இழுத்து, உள்ளங்கையில கிண்ணத்தை வெச்சார்.

"பிடி. விழுந்தா விழட்டும். எனக்குப் பண்ணத் தெரியும்."