எதிர்வீட்டுப் பரஸ்தானம்

பினாங்குக்குப் போவதற்காக நான் வீட்டை விட்டுப் புறப்பட்டது ஒரு புதன்கிழமை காலையில். அன்றைக்குப் போய்ச் சேர்ந்த இடம் எதிர்வீடு. சிரிக்காதீர்கள். அந்தத் தெருவைத் தாண்டும்போது போன உயிர், பிறகு நடுக்கடலில்கூட அப்படிப் போகவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் ஸ்டேஷனான தம்பானூரில் ரயில் ஏற வேண்டியது சனிக்கிழமை. சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பிரயாணம் ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார். பினாங்கோ கிழக்கே இருக்கிறது. இந்த மாதிரிச் சங்கடத்துக்கென்று எங்களவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழிதான் பரஸ்தானம். நல்ல நாளில், நல்ல நேரத்தில் பெட்டியும் படுக்கையுமாக வீட்டை விட்டு இறங்கி, வேறொருவர் வீட்டில் போய் இருந்துவிட வேண்டும். பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் ரயில் என்றைக்கு வந்தால் என்ன? ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இறங்கின வீட்டுக்குள் மறுபடி கால் வைக்கக் கூடாது. வைத்தால் பிரயாணம் கெட்டது.

அப்பா ஹஜூர் கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீஸில், குமாஸ்தா. பஞ்சாங்கப் பைத்தியம். அரிசி வாங்க ஆரியசாலைக்குப் போவதென்றாலும் ராகுகாலம் பார்த்துத்தான் படியிறங்குவார். ஆகையால் அவர் பரஸ்தானம் என்றதும் வீட்டில் யாரும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

அப்போது எனக்குப் பதினேழு வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். என் ஆத்துக்காரர் பினாங்கில் ஒரு கம்பெனியில் கிளார்க். கல்யாணத்தின்போது பார்த்தது, அப்புறம் லீவில் வந்தபோது கொஞ்ச நாள் பார்த்தது, அவ்வளவுதான். முகம் ஞாபகம் இருந்தது. குரல் சுத்தமாக மறந்துவிட்டது. கம்பெனியில் குடியிருக்க வீடு கொடுத்திருக்கிறார்கள், பெண்டாட்டி வரவில்லை என்றால் அது வேறொருவருக்குப் போய்விடும் என்று அவர் எழுதியதும், என் மாமனார் ஒரே ஓட்டமாகப் போய்க் கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டார். கரமனையிலிருந்து ஒரு குடும்பம் அதே கப்பலில் போவதாகவும், அவர்கள் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார்களென்றும் ஏற்பாடு. கடைசி வாரத்தில் அந்த வீட்டுக் குழந்தைக்கு அம்மை வார்த்துவிட்டது. அவர்கள் நின்றுவிட்டார்கள். என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை. நாகப்பட்டினம் வரை அப்பா கூட வருவார். அதற்கப்புறம் நான் தனி.

எனக்குக் கடல் என்றால் சங்குமுகம் கடற்கரைதான். ஸ்வாமியைக் கடலில் நீராட்டும் ஆறாட்டு பார்க்கப் போகும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அலை வந்தால் பாதம் நனைவதற்குள் அலறிக்கொண்டு ஓடிவிடுவேன். அந்தத் தண்ணீரின் மேல்தான் நாள் கணக்கில் தனியாகப் போக வேண்டும்.

புதன்கிழமை காலை ஸ்வாமிக்கு நமஸ்காரம் செய்துவிட்டு, கூஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். டிரங்குப் பெட்டியையும் படுக்கையையும் ஆள் முன்னால் தூக்கிக்கொண்டு போனான். "திரும்பிப் பாக்காதே" என்றார் அப்பா. பாவி, அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம். முதுகுக்குப் பின்னால் அம்மா வாசற்படியில் நிற்கிறாள், என் கால் தெருமண்ணில் இருக்கிறது, திரும்பிப் பார்க்க முடியவில்லை. எதிர்வீட்டு மாமி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மாமி நல்லவள். வாய்தான் ஓயாது. அவளும் மாமாவும் மட்டுமே இருந்த வீடு அது. மாமாவுக்குக் காது கேட்காது. ஆக, பல வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் என் தலையில் இறக்கினாள். கப்பலில் யாராவது செத்துப்போனால் துணியில் சுற்றிக் கடலில் போட்டுவிடுவார்களாம். பினாங்குக்குப் பக்கத்தில் ஒரு தீவு இருக்கிறதாம். காய்ச்சல் இருப்பவர்களை அதில் இறக்கி அடைத்து வைத்துவிடுவார்களாம். மாமியும் சங்குமுகத்துக்கு அப்பால் ஒன்றும் கண்டவளில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, அத்தனையையும் நம்பினேன்.

அன்று மத்தியானம் சாதம் போடும்போது மாமி ஒன்று சொன்னாள்.

"கெழக்கே சூலத்துக்கு ஒரு கரண்டித் தயிர் சாப்ட்டுட்டுப் பொறப்பட்டாப் போறுமேடி. பஞ்சாங்கத்துலயே போட்டிருக்காக்கும். உங்கப்பா என்னத்துக்கு உன்னை மூணு நாள் இங்க கொண்டு வெச்சிருக்கார்?"

எனக்கு வந்ததே கோபம். மூன்று நாள் சோறு போட இவளுக்கு வலிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, தயிரே வேண்டாம் என்று இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

கப்பலுக்காக அம்மை குத்தியிருந்த கை, வியாழக்கிழமை தடித்து வீங்கிக்கொண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. தீவில் இறக்கிவிடுவார்கள் என்று மாமி சொன்னது அப்போதா ஞாபகம் வர வேண்டும்? காய்ச்சல் என்று வாயைத் திறக்காமல் ஜன்னலோரம் சுருண்டு படுத்திருந்தேன். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் எங்கள் வாசல். எட்டி நடந்தால் பத்து அடி இருக்குமோ என்னவோ. உள்ளே அம்மா உரலில் ஏதோ இடித்துக்கொண்டிருந்தாள். கப்பலில் எனக்குக் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமென்று காலையிலிருந்து இடிப்பதும் வறுப்பதுமாக இருந்தாள். சாயங்காலம் வந்து, செய்ததைப் பெட்டியில் அடுக்கிவிட்டு எனக்குத் தலை பின்னிவிடுவாள். பருப்புப்பொடி எந்த டப்பாவில், ஊறுகாய் எந்த ஜாடியில் என்று மட்டும் சொல்வாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அப்பா அதுவும் இல்லை. காலையில் கோட்டும் தலைப்பாகையுமாகக் கச்சேரிக்குப் புறப்படுவார். ஜன்னல் பக்கம் ஒரு பார்வை கிடையாது. சாயங்காலம் அதேபோல் திரும்பி வருவார். சரி, என்னைத் தலைமுழுகிவிட்டார், இனி நான் பிறத்தியார் வீட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டேன். கடல்மேல் இருந்த பயத்தைவிட அந்த நினைப்பு மோசமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பயம் விடவில்லை. மறுநாள் இந்நேரம் ரயிலில் இருப்போம் என்று நினைத்தபோதெல்லாம் எழுந்து போய் ஜன்னல் வழியாக எங்கள் வாசலைப் பார்த்தேன். மத்தியானம் சோற்றைச் சாப்பிடவில்லை. பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், என்னை அறியாமலே, "நான் போகலை மாமி" என்றேன். சொன்ன பிறகு அழுகை வந்தது. நிற்கவே இல்லை. மாமி என்னென்னவோ சமாதானம் சொன்னாள். கடைசியில் அவளும் பயந்துபோய், கப்பலில் யாரும் சாகவே மாட்டார்கள் என்று சத்தியம் செய்தாள்.

சாயங்காலம் அப்பா கச்சேரியிலிருந்து வருவதைப் பார்த்ததும் மாமி கையில் இருந்த கரண்டியோடு தெருவில் இறங்கி அவரிடம் ஏதோ சொன்னாள். அப்பா வீட்டுக்குப் போகவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே இங்கே வந்தார். திட்டப் போகிறார் என்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"பேடியா இருக்கா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பயத்துக்கு அதுதான் சொல்.

தலையை ஆட்டினேன்.

"அப்படின்னா ஆத்துக்கு வந்துடு."

என் காதையே நான் நம்பவில்லை. பரஸ்தானம் கெட்டுவிடாதா என்று கேட்டேன்.

"சூலத்துக்குத் தயிர் போறும்னு எனக்குத் தெரியாதா? நாகப்பட்டணத்துல போய் நின்னுண்டு நீ அழுதா நான் என்ன பண்ண முடியும்? கப்பல் ஏறினப்பறம் அழுதா யார் கேக்கப் போறா? அதான், கூப்பிட்டாக் கேக்கற தூரத்துல மூணு நாள் தனியா இருந்து பாக்கட்டும்னு உன்னை இங்க வெச்சேன். முடியலேன்னா இப்பவே வந்துடு. உன் மாமனாருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அப்பா பஞ்சாங்கத்தின் பேரைச் சொல்லிப் பொய் சொல்வார் என்று அதுவரை யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நான் பதில் சொல்வதற்குள் அவரே குனிந்து என் டிரங்குப் பெட்டியைத் தூக்கினார். அம்மா இடித்து வறுத்ததெல்லாம் அடைத்த பெட்டி, ஆள் தூக்க வேண்டிய கனம். தோள் ஒரு பக்கமாகச் சாய, அதைச் சுமந்துகொண்டு என் பின்னால் வந்தார். நான் முன்னால் தெருவில் இறங்கினேன். சந்தோஷமாகத்தான் இறங்கினேன், பொய் சொல்வானேன்.

பாதித் தெருவில் கால் நின்றுவிட்டது. எங்கள் வாசலில் அம்மா மாவுக் கையோடு வந்து நின்றுகொண்டிருந்தாள். நாலு வீட்டு வாசலிலும் தலைகள் தெரிந்தன. உள்ளே போய்விட்டால் இன்றைக்கு அம்மா கட்டிக்கொள்வாள். நாளைக்கு மாமனார் வருவார். அப்பா அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதுவும் கிடக்கட்டும், அடுத்த கப்பல் என்று ஒன்று வருமே? மறுபடியும் பெட்டி, மறுபடியும் கூஜா, மறுபடியும் முதுகுக்குப் பின்னால் அம்மா. இந்தத் தெருவை இன்னொரு தடவை தாண்ட என்னால் ஆகாது என்று தோன்றியது. எனக்குத் தைரியம் வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் போவதற்கும் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"பொட்டிய மாமி ஆத்துலயே வெச்சுடுங்கோப்பா" என்றேன். "நாளைக்குக் காலம்பற தயிர் மட்டும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கோ."

அப்பா பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். அப்புறம் திரும்பி மாமி வீட்டுப்படி ஏறினார்.

காலையில் தயிரை அம்மா கொடுத்தனுப்பவில்லை. அப்பாவே கிண்ணத்தில் கொண்டுவந்தார். என் உள்ளங்கையில் விட்டபோது பாதி என் முழங்கை வழியாக ஓடியது. மீதியை உறிஞ்சிக் குடித்தேன். புளித்துப்போயிருந்தது. வண்டியில் ஏறித் தம்பானூர் போனோம். அங்கே ரயில் ஏறினோம்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வருவதில்லை. தூரத்தில் கடலுக்குள் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். திங்கட்கிழமை காலை படகுக்காரன் எங்களைக் கூப்பிட்டபோது அப்பா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அது ராகுகாலம். எனக்கும் தெரியும். அவர் கடிகாரத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துப் படகில் இறக்கிவிட்டார். பெட்டி எங்கே, கூஜா எங்கே என்று இரண்டு தடவை கேட்டார்.

"பேடியா இருக்கா?" என்றார் கடைசியில்.

"இருக்கு."

"எனக்குந்தான்" என்றார்.

படகு கரையை விட்டு நகர்ந்ததும் ஆட ஆரம்பித்தது. பலகையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்காதே என்று அப்பா அன்றைக்குச் சொல்லவில்லை. கப்பலில் ஏற்றிவிடும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.