ஜாவாவில் கட்டிய மதில்

எனக்கென்று இருக்கும் காணியை நான் இன்னும் மிதித்ததில்லை. எனக்கென்று சொல்வதும் சரியில்லை. அது நடு ஜாவாவில் ஒரு கிராமத்தில், என் தம்பியின் மனைவி பெயரில் இருக்கிறது. வெளிநாட்டுக்காரருக்கு அங்கே முழு உரிமையோடு காணி எழுதமாட்டார்களாம். காசு என்னுடையது, பெயர் அவளுடையது. நான் ஆண்டு எட்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சட்டம் தெரியாது. தெரியாத எல்லாமே எனக்குப் பயம்தான்.

தம்பி இங்கே கொழும்பில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து, அங்குள்ள தொழிற்சாலை ஒன்றுக்குப் போனான். அங்கே தையல் பகுதியில் வேலை செய்த பெண்ணைக் கலியாணம் செய்தான். எங்களைப் போல அவளும் கத்தோலிக்கம். கலியாணத்தை ஃபோனில் பார்த்தேன். பிறகு ஒருமுறை இருவரும் வந்து, வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி அறையில் இரண்டு கிழமை நின்றார்கள். நான் எழும்பும் முன்பே அவள் எழும்பி, கீழே பொதுப் படிகளையும் சேர்த்துக் கூட்டிவிடுவாள். மற்றவர் படியை ஏன் கூட்டுகிறாள் என்று அதற்கும் யோசித்தேன்.

அப்பா போன பிறகு கொட்டாஞ்சேனை வீட்டை விற்றோம். என் பங்கை வைத்து வெள்ளவத்தையில் ஏதாவது கிடைக்குமா என்று ஒரு புரோக்கரிடம் கேட்டேன். அவர் சிரிக்காமலே சொன்னார்: "அக்கா, இந்தச் சல்லிக்கு ஃபிளாட் வராது. ஃபிளாட்டுக்குக் கீழ கார் விடுற இடம் வரும். அதில படுக்கலாம்." நான் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள். கண் இன்னும் எத்தனை வருடம் ஊசியில் நூல் கோர்க்க விடும் என்று தெரியாது. அதற்குப் பிறகு சாப்பிட அந்தப் பங்கைத் தவிர வேறொன்றும் இல்லை.

தம்பிதான் வழி சொன்னான். அவர்களுடைய கிராமத்துக்குப் பக்கத்தில் புதுத் தொழிற்சாலை வந்திருக்கிறது, தூர ஊர்ப் பெண்கள் தங்க அறை தேடுகிறார்கள், காணி வாங்கி எட்டு அறை கட்டினால் வாடகையில் எனக்குப் பாதி என்றான். ஃபோனைத் தூக்கிப் பிடித்துக் காணியைக் காட்டினான். வாழை, மரவள்ளி, சுற்றிவர வயல். வேலி இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாத்துகள் ஒரு பக்கத்தால் வந்து மற்றப் பக்கத்தால் போயின. பின்னால் ஒரு கிழவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஃபோனைப் பார்த்துத் தலை குனிந்து சிரித்துவிட்டுக் கடந்து போனார்.

"டேய், ஆர் அது?"

"பின்வீட்டுக்காரர்."

"எங்கட காணிக்குள்ள என்ன செய்யிறார்?"

"போறார் அக்கா. பின்னுக்கு ஏழெட்டு வீடு இருக்கு. றோட்டுக்கு வர இதுதான் கிட்ட."

"சுத்திப் போகேலாதோ?"

"வயல் வரம்பால போகலாம். ஆனா எல்லாரும் இப்பிடித்தான் போறது."

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு ஒடுக்கமான இடம் இருந்தது. பின்னால் இருந்தவர்கள் அதால் போய் வந்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து அவர் ஒரு கதவு போடப் போனபோது, அது தங்கள் பாதை என்று வழக்குப் போட்டார்கள். அப்பா செருப்புத் தேயப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு நடந்தார். தோற்றார். வீட்டை விற்கும்போது வந்தவர்களெல்லாம் அந்தப் பாதையைக் காட்டித்தான் விலையைக் குறைத்தார்கள்.

ஆகவே தம்பிக்கு ஒரே பேச்சாகச் சொன்னேன். முதலில் மதில், பிறகுதான் அறை. சுற்றிவர ஆறடி. மேலே உடைந்த போத்தல் ஓடு பதிக்க வேண்டும். முன்னால் மட்டும் ஒரு கேட்.

"இங்க ஒருத்தரும் மதில் கட்டுறேல்ல அக்கா. போத்தல் ஓடு எண்டா பைத்தியம் எண்டு நினைப்பினம்."

"அப்ப என்ர காசை மறந்துவிடு."

அவன் பக்கத்திலிருந்த மனைவியிடம் அவர்கள் மொழியில் நெடுநேரம் சொன்னான். அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து சிரித்து ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"அக்காவுக்கு நிம்மதி எண்டா கட்டுவமாம்."

மதில் எழும்பியது. கீழ்மாடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவுக்குப் படம் காட்டினேன். "வெள்ளவத்தையில வாடகைக்கு ஈக்கிற, ஜாவாவுல மதில் கட்டுற. பெரிய முதலாளி அக்கா நீங்க" என்று பகிடி பண்ணினார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஒவ்வொரு ஞாயிறும் தம்பியிடம் கேட்பேன்: "ஆரும் சண்டைக்கு வந்தவையோ?"

"இல்லை. கண்டா சிரிக்கினம்."

அங்கே கூரை ஏற்றும் நாளில் அயலார் கேட்காமலே வந்து கை கொடுப்பார்கள் என்று முன்பு சொல்லியிருந்தான். எங்கள் அறைகளுக்குக் கூரை ஏற்றிய நாளில் ஒருவரும் வரவில்லை. கூலிக்கு ஆள் பிடித்தான். எல்லாருக்கும் வேலையாம் என்றான். தேத்தண்ணிச் செலவு மிச்சம் என்று நான் நினைத்தேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அறைகளுக்குப் பெண்கள் வந்து இரண்டு மாதமிருக்கும். ஒரு காலை பத்து மணிபோல, சோக்கட்டியால் துணியில் கை அளவு குறித்துக்கொண்டிருந்தேன். தம்பி எடுத்தான். குரல் சரியில்லை. "பின்வீட்டுக் கிழவர் செத்துப்போனார் அக்கா. நீங்களே பாருங்கோ" என்று ஃபோனைத் திருப்பினான்.

வயலில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பிணத்தை வைத்துத் தூக்கும் பெட்டி தோள்களில் இருந்தது. வரம்பில் ஒரு ஆள்தான் நடக்கலாம். அதனால் இரு பக்கமும் சேற்றுக்குள் இறங்கி, முழங்காலுக்கு மேல் புதைய, பெட்டியைக் கை உயர்த்திப் பிடித்துப் போனார்கள். அந்த ஊர் முஸ்லிம்கள் புதைக்கிற கபுறடி எங்கள் காணிக்கு முன்னால் றோட்டுக்கு அந்தப் பக்கம். காணியூடாக வந்திருந்தால் ஐம்பது காலடிகூட இராது. ஒருவர் கால் வழுக்கிச் சேற்றுக்குள் இருந்துவிட்டார். பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. மூன்று நான்கு பேர் பாய்ந்து தாங்கினார்கள். எங்கள் மதில் பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

"கேட்டைத் திறந்துவிட்டியோ?"

"திறந்து என்ன? பின்மதிலில வாசல் எங்க?"

"உடைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே அவை."

"கேக்க மாட்டினம் அக்கா. இவ்வளவு நாளும் கேட்டவையோ?"

கடைசியில் பெண்கள் சிலர் நின்றார்கள். அவர்களுக்குள் தம்பியின் மனைவியும். பாவாடை இடுப்புவரை சேறு. கேட்டுக்குள் நிற்க வேண்டியவள், சுற்றிப் போய் அவர்களோடு சேற்றில் நின்றாள்.

ஃபோனை வைத்தபிறகு துணியை மடித்து வைத்தேன். ஒன்றும் வாங்கத் தேவையில்லாமலே கீழே கடைக்குப் போனேன். நானாவிடம் சொன்னேன். அவர் இந்த முறை பகிடி விடவில்லை.

"ஜனாஸாவ தோள் மாத்தி மாத்தித் தூக்கிற, அக்கா. ஊராக்கள் எல்லாரும் ரெண்டு எட்டு நடந்தாவது தூக்க விரும்புவாங்க. வயலுக்குள்ளாலயா கொண்டு போன?" பிறகு கேட்டார்: "பெட்டி சரிஞ்சு போகல்லையே?"

"இல்லை" என்றேன். பொய்.

பின்னேரம் தம்பியை எடுத்தேன். நாள் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டிருந்தேன். "பின்மதிலில ஒரு கேட் போடு. பூட்டுப் போடு. திறப்பு உன்னட்ட இருக்கட்டும். தேவைக்குத் திறந்துவிடு. அப்ப பாதை எண்டு உரிமை கேக்கேலாது."

அவன் என்னோடு ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. "செத்தவீட்டு ஆக்கள் வந்து என்னட்டத் திறப்புக் கேட்டு நிக்கோணுமோ? உங்களுக்கு என்ன விசரோ?" என்றான். பிறகு குரல் இறங்கியது. "இவ மற்ற ஊரில இருக்கிற தாய் வீட்ட போகப் போறாவாம். மதில் கட்டின நாள் தொட்டு ஒரு வீட்டிலயும் இவவைக் கூப்பிடேல்ல. அறையெல்லாம் அக்காவே எடுக்கட்டாம். எந்தக் கடதாசியிலயும் கையெழுத்து வைச்சுத் தாறாவாம். இந்த ஊரில இனி இருக்கேலாதாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்வீட்டாரை மறிக்க மட்டுமா அந்த மதிலைக் கட்டினேன்? காணி அவள் பெயரில் இருந்தது என்னை நித்திரைகொள்ள விடவில்லை. அவளையும் அவள் ஆட்களையும் ஏதாவது ஒன்றால் கட்டிவைக்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது மதில். அவள் அதையும் விளங்கிக்கொண்டுதான் அன்று சரி என்றிருப்பாள்.

"அவவைக் கூப்பிடு" என்றேன்.

அவள் முகம் வந்தது. அழுத முகம். தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் இரண்டைப் பழக்கத்தில் சொன்னாள்: "அக்கா, சாப்பாடு?"

தம்பியிடம்தான் சொன்னேன். "உடை. பின்பக்கம் உடை. முன்னுக்கும் கேட்டைக் கழற்று. போத்தல் ஓட்டை எல்லாம் கழற்றிப் புதை. வாத்துகளின்ர கால் வெட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களோ? நாளைக்கு மாத்திச் சொல்லப்படாது. எவ்வளவு அகலம்?"

என் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. துணிக்கென்றால் உடனே சொல்வேன். இதற்கு எனக்கு அடிக்கணக்குத் தெரியவில்லை. "பெட்டி தூக்கிற ஆக்கள் ரெண்டு பக்கமும் நிண்டு வரோணும். தோள் முட்டாமல். அவ்வளவு அகலம்."

அடுத்த நாள் அவன் தனியாகத்தான் உடைக்கத் தொடங்கினானாம். மத்தியானத்துக்குள் கிழவரின் மகன் கடப்பாரையோடு வந்து பக்கத்தில் நின்றிருக்கிறார். அவரும் கல்லைப் பெயர்க்கத் தொடங்கினாராம்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் பல வருடத்தில் அது பாதையாகிவிடும். விற்கப் போனால் விலை குறையும். தம்பிக்கு ஏதாவது நடந்தால் என் பெயர் எங்கேயும் இல்லை. இதையெல்லாம் தைக்கும்போது ஒவ்வொன்றாக நினைக்கிறேன். ஆனால் அவள் தாய் வீட்டுக்குப் போகவில்லை.

போன கிழமை தம்பி வேலையில் இருந்த நேரம் அவளே என்னை வீடியோவில் எடுத்தாள். ஃபோனைக் கீழே சாய்த்தபடி நடந்தாள். மண், அவளுடைய செருப்பு, உடைந்த மதிலின் சிவப்புக் கல் ஓரம், பிறகு பின்வீட்டு முற்றம். அங்கே இருந்த ஒரு வயதான அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்தாள். கிழவரின் மனைவியாக இருக்க வேண்டும். அந்த அம்மா என்னைப் பார்த்து மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னா. திட்டினாவா, நன்றி சொன்னாவா, புருஷன் எப்படிச் செத்தார் என்று சொன்னாவா, தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல ஆளில்லை. நான் தையல் மெஷினை நிறுத்தி எழும்பி நின்று, அவ சொல்லி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.