நாற்பத்தோராவது வீடு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வங்கிப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஊர் முழுக்க அவர் வாஷர் அண்ணன்தான். துணி துவைக்கும் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். எந்த மெஷினைத் திறந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்து, "வாஷர் தேய்ஞ்சிருக்கு" என்பார். கரண்ட் இல்லாமல் நின்றுபோன மெஷினைப் பார்த்தும் அதையே சொன்னவர்.

வேலையில் சூரர், சந்தேகமில்லை. வீம்பிலும் சூரர். எழுபது கிலோ மெஷினை மூன்றாம் மாடியிலிருந்து தனியாளாக இறக்குவார். வீட்டுக்காரர் பாவம் பார்த்து ஒரு பக்கம் பிடிக்க வந்தால், "நீங்க தள்ளி நில்லுங்க சார்" என்று விரட்டுவார். பேனா இரவல் கேட்கமாட்டார். வழி தெரியாவிட்டால் விசாரிக்கமாட்டார், அதே தெருவை மூன்று தடவை சுற்றுவார். யாரிடமும் கையேந்தாமல் இருபது வருடம் ஓட்டினார். உடம்பு எத்தனை நாள்தான் பொறுக்கும்? ஒருநாள் அடிவயிற்றில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தலைகாட்டியது.

"குடலிறக்கம்," என்றார் டாக்டர். "ரெண்டு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடுங்க. குடல் சிக்கிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

கையில் இருந்தது பாதிப் பணம். மீதியை அந்த இரண்டு வாரத்தில் மெஷின் தூக்கியே சம்பாதித்துவிடுவதாக அவர் அறிவித்தார். தூக்கித் தூக்கித்தானே இந்தக் கதி வந்தது என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் மச்சினன் நுழைகிறான். மனைவியின் தம்பி, செல்போன் கடையில் வேலை, நல்ல மனசு, அவசரக் கை. அக்கா அழுவதைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் ஊர்க்காரர்களின் இணையக் குழுவில் ஒரு பதிவு போட்டான். 'ஏழை மெக்கானிக்கின் உயிரைக் காப்பாற்றுங்கள்.' கீழே பணம் அனுப்ப அக்காவின் நம்பர், கூடவே ஒரு படம். ஏதோ கல்யாணத்தில் சாப்பிட்ட பிறகு அவர் கொட்டாவி விட்டபோது எடுத்தது. அளவாக வெட்டிப் போட்டதில், மனுஷன் வலி தாங்காமல் கதறுவது போலவே இருந்தது.

மறுநாள் காலையில் மனைவியின் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. விஷயம் தெரிந்தபோது அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"யாருடா ஏழை?" என்று வாய் நுரையோடு கத்தினார்.

"ஒரு பேச்சுக்குப் போட்டது மாமா. 'கொஞ்சம் பணமுடையில இருக்கிற மெக்கானிக்'னு போட்டா எவன் படிப்பான்?"

"முன்ன பின்ன தெரியாதவங்க காசுடா! எல்லாத்தையும் திருப்பி அனுப்பு."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அனுப்புடா தம்பி. ஒண்ணுவிடாம அனுப்பிடு. உங்க மாமாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் வீடு வீடாப் போய்க் கேட்டுக்கிறேன். அது ரொம்ப கௌரவமா இருக்கும்."

அவர் வாய் கொப்பளித்தார். வழக்கத்தைவிட நிறைய நேரம் கொப்பளித்தார்.

"சரி," என்றார் கடைசியில். "ஆனா பேர் பேரா லிஸ்ட் எழுது. குடுத்த ஒவ்வொருத்தர் வீட்டு மெஷினையும் நான் சர்வீஸ் பண்ணிக் குடுப்பேன். இது உதவி இல்ல. அட்வான்ஸ்."

லிஸ்டில் நாற்பத்தொரு பேர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சொன்ன ஓய்வையும் மனைவியின் காவலில் முழுசாக எடுத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பதிவு போட்ட குற்றத்துக்காக, மெஷினை நகர்த்தும் வேலை மச்சினன் தலையில் விழுந்தது. நூறு கொடுத்த ஒரு புண்ணியவான் டிரம்மையே மாற்றச் சொன்னார்; இவர் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். "எங்க மெஷின் நல்லாத்தாங்க ஓடுது" என்று கதவைச் சாத்தப் பார்த்த ஒரு டீச்சர் வீட்டில், "நல்லா ஓடுறப்பவே பாத்துடணும்மா" என்று உள்ளே புகுந்து வாஷரை மாற்றிவிட்டுத்தான் வெளியே வந்தார். ஒவ்வொரு பெயரையும் அடித்துவிட்டு, "இது முடிஞ்சுது" என்பார். நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

கடைசியில் இருந்தது பெயரில்லாத ஒரு நம்பர். கொடுத்தது ஐம்பது. போன் செய்தபோது ஒரு பெண்குரல், "சர்வீஸா? எனக்கா?" என்று சிரித்துவிட்டு முகவரி சொன்னது. மச்சினனுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. தனியாகவே போனார்.

ஒரே அறை. அந்தம்மாவுக்கு ஒரு அலுவலகக் கட்டடத்தில் மாடிப்படி கூட்டித் துடைக்கும் வேலை. மூலையில் ஒரு வாளி, பக்கத்தில் சோப்பு, கொடியில் நீலச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

"மெஷின் எங்கம்மா?"

அந்தம்மா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். "இதோ. முப்பது வருஷமா ஓடுது."

அவர் ஃபேனைப் பார்த்தார். ஆடவில்லை. குழாயைத் திருகிப் பார்த்தார். சொட்டவில்லை. கதவை இழுத்துச் சாத்தினார், ஒரு கிறீச் சத்தம்கூட இல்லை. இப்படி ஒரு ரிப்பேரும் இல்லாத வீடு அவரைப் பதறவைத்தது. சட்டைப் பையிலிருந்து ஐம்பதை எடுத்தார், மேலே இன்னொரு ஐம்பதையும் சேர்த்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"என்னங்க இது?"

"உங்க காசும்மா. உங்களுக்கே ஆயிரம் செலவு இருக்கும்..."

அந்தம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. "மத்தவங்க குடுத்ததையும் இப்படித்தான் திருப்பிக் குடுத்தீங்களா?"

"இல்ல. அவங்களுக்கு வேலை செஞ்சு குடுத்துட்டேன்."

"நான் வேலைக்காகக் குடுக்கலையே. ஒருத்தருக்கு முடியலைன்னு போட்டிருந்துச்சு. அன்னிக்கு என்கிட்ட இருந்துச்சு, குடுத்தேன். மெஷின் வச்சிருக்கிறவங்கதான் குடுக்கணுமா? என்னைப் பாத்தா பாவமா இருக்கா உங்களுக்கு?"

அவருக்குக் காதுவரை சூடேறியது. மச்சினன் தன்னைப் பற்றி எழுதிய 'ஏழை' என்ற அதே வார்த்தையை, உச்சரிக்காமலேயே தான் இந்த அம்மாவிடம் சொல்லிவிட்டது உறைத்தது. அவமானமாக இருந்தது. ஜன்னலிலிருந்த இரண்டு நோட்டுகளையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார். பிறகு, "ரொம்ப நன்றி" என்றார்.

அந்தம்மா தலையாட்டினார். "உடம்பு இப்ப தேவலையா?"

"தேவலைம்மா."

படியிறங்கும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது: மற்ற நாற்பது வீட்டிலும் அவர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.