சத்தமில்லாமல் தின்ற சிப்ஸ்

குருவம்மாளுக்குப் பொறாமை என்று ஒன்று வந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். அதுவரை பொறாமைப்படும்படி சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் யாரிடமும் ஒன்றும் இல்லை. எல்லார் முதுகிலும் ஒரே கொழுந்துக்கூடை, எல்லார் காலிலும் ஒரே அட்டைக்கடி. அவளிடம் மட்டும் கைமுறுக்குச் சுற்றும் பக்குவம் கூடுதலாக இருந்தது. கல்யாணமாகி மலையேறி வந்த நாள்முதல், லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டு விசேஷமானாலும் மாவு பிசைய அவளைத்தான் கூப்பிடுவார்கள். புருஷன் பிச்சைமணி மட்டும் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொள்வான். நல்லது பொல்லாது என்று ஒரு வார்த்தை வராது. அவன் சுபாவம் அப்படி என்று அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த வீட்டுப் பொன்ராஜ் ரோட்டோரம் கடை போட்டான். அவன் பெண்சாதி சாந்தம்மாள் வட்டவடை ஊரில் விளைந்த உருளைக்கிழங்கைச் சீவிப் பொரிக்க, அவன் பிளாஸ்டிக் பையில் போட்டு, மெழுகுவத்தித் தீயில் வாயை ஒட்டினான். உள்ளே ஒரு சிவப்புச் சீட்டு, 'சாந்தம்மாள் சிப்ஸ்' என்று. பெண்சாதி பேர் அச்சில்! பிச்சைமணி ஒரு பாக்கெட்டைத் தின்றுவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னான்.

"நல்லாத்தான் இருக்கு."

போதாததற்கு, வாங்கி வந்த மிச்சப் பாக்கெட்டுகளை அவளுடைய முறுக்கு டின்னுக்குள்ளேயே வைத்தான். அந்தக் கருமத்தைக் கையால் தொடமாட்டேன் என்று குருவம்மாள் கொழுந்துக்காட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. ஆனால் லயத்துச் சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு வயசு என்பார்கள். கடித்தால் சாந்தம்மாளுக்குக் கேட்டுவிடும். அதனால் ஒன்றை நாக்கில் வைத்து, வாயை மூடி, ஊறும்வரை காத்திருந்து விழுங்கினாள். நமுத்த காகித அட்டைபோல் இருந்தது. மனசு குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் காட்டில், அது வெறும் சவசவ என்று இருக்குமாமே என்று, யாரோ சொன்ன மாதிரி பேச்சை இழுத்தாள். பக்கத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"சவசவன்னா? கடிச்சா நாலு வீட்டுக்குக் கேக்குமேக்கா."

அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. கடிக்காமல் தின்றால் புருஷன் கண்ட ருசி தெரியாது. கடித்தாலோ மானம் போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டின்னைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருந்தாள். தகரக்கூரையில் மழை விழுந்தால் எந்தச் சத்தமும் கேட்காது. மேகம் வந்தது, பனிமூட்டமாய் மஞ்சு வந்தது, மழைதான் வரவில்லை.

வருவது வரட்டும் என்று கடித்தாள்.

புருஷன் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"யக்கா, உப்பு சரியா இருக்கா?"

குருவம்மாள் மென்றதை மெதுவாக விழுங்கினாள்.

"கூடிப்போச்சு," என்றாள். கை அதுபாட்டுக்கு டின்னுக்குள் போனது. "நாளைக்கிக் கொறைச்சுப் போட்டுக் குடு. பாத்துச் சொல்லுதேன்."