தேதி வெளிப்பக்கம் இருக்கட்டும்

பழைய கார் டயரின் வயதைப் படித்துச் சொல்கிற தொழிலில் டயருக்கு முன்னால் தேய்வது நம்முடைய முழங்கால்தான். தர்மபுரியில் முருகேசண்ணன் பட்டறையில் நின்றுபோன பழைய கார்களைத் திரும்ப ஓட வைக்கிறோம். இன்ஜின் அண்ணன் பொறுப்பு. சக்கரத்தடியில் தவழ்வது என் பொறுப்பு. வாடிக்கையாளர் அடித்துப் பேசுவதைக் கேட்டு முடித்து, குரலை உயர்த்தாமல் "இல்லீங்க" என்று சொல்லிப் பிழைப்பவர் நீங்களாக இருந்தால், மருந்துக்கடையோ மின்வாரியமோ, என் பாடு உங்களுக்குப் புரியும்.

வெள்ளைக்காரன் டயர்

வத்தல்மலையிலிருந்து ஒருவர் பஸ்ஸில் டயரைப் பக்கத்தில் உட்கார வைத்து அழைத்து வந்தார். அவர் புதுப்பிக்கும் ஜீப்புக்கு எங்கோ தேடிப் பிடித்ததாம். பேப்பரைப் பிரித்து, "பாத்துத் தொடுங்க" என்றார். பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் 1908 என்று இருந்தது. வெள்ளைக்கார கலெக்டர் மலையேறின வண்டியுடையதாக இருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. ஊரெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

நான் மெதுவாகத்தான் சொன்னேன். முதல் இரண்டு எண்ணும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், பத்தொன்பதாவது வாரம் செய்த டயர். பழசாக வைத்துப் பார்க்கவும் வயது பத்தாது, புதுசாக ஓட்டவும் முடியாது. அவர் டயரை ஒருமுறை தடவிப் பார்த்தார். பேப்பரைத் திரும்பச் சுற்றினார். "சரி தம்பி, ஓட்டல. வாசல்ல சாச்சு வெச்சுக்கறேன். நீங்க மட்டும் எங்க மலைப் பக்கம் வந்துடாதீங்க" என்றார்.

மச்சான் கண்ணில் படாமல்

இந்த முத்திரை பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துத்தான் படிக்க வேண்டும். அதனால் முருகேசண்ணன் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: நாங்கள் மாட்டுகிற எந்த டயரிலும் தேதி வெளியே தெரிய வேண்டும். பஞ்சர் கடைகளில் இதையெல்லாம் பார்ப்பதில்லை, எந்தப் பக்கம் கைக்கு வருகிறதோ அந்தப் பக்கம்தான்.

ஏரியூர்க்காரர் ஒருவர் பழைய காரை மச்சானுக்கு விற்கப் போனார். டயர் நாலும் புதுசு என்று சொல்லி வைத்திருந்தார். தேதியைப் படித்தால் அப்படி இல்லை. திருப்பி மாட்டச் சொல்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் முருகேசண்ணனைப் பார்த்தேன். அவர் ஸ்பானரைக் கீழே வைக்காமலே, "வண்டிய வேணா திருப்பிக்கிட்டுப் போங்க, டயரத் திருப்ப மாட்டோம்" என்றுவிட்டார். வந்தவருக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வரப் பார்த்தது. "அண்ணா, மச்சான் மட்டும்னா பரவால்லீங்க. கூடவே என் தங்கச்சியும் வந்து குனிஞ்சு பாப்பாளுங்க!"

சாம்பல் புதன்

அருளப்பண்ணன் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சள் போடுகிறவர். காலமான அவருடைய அப்பாவின் அம்பாசிடரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். மகள் ஸ்டெல்லாவுக்குச் சேலத்தில் கோயில் கல்யாணம். பொண்ணு தாத்தா வண்டியில்தான் கோயில் வாசலில் இறங்க வேண்டும். அதற்கு மஞ்சவாடி கணவாயை ஏறி இறங்க வேண்டும். ஓட்டப் போவது அவரே.

வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்ததால் டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற வெட்டு, தேயவில்லை. புது டயரில் நிற்குமே ரப்பர் முடி, அதுகூட உதிராமல் நின்றது. "அப்பா மாத்துன கையோட வண்டிய நிறுத்திட்டாருங்க. இது புது டயருதான்" என்றார். வருஷா வருஷம் டயருக்குக் கறுப்புப் பாலிஷ் வேறு பூசியிருந்தார்கள். முத்திரைக் குழியெல்லாம் அடைத்துக் கிடந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷால் சுரண்டிவிட்டு, சாக்பீஸ் பொடியை விரலில் தொட்டுப் பூசினேன். அப்படிப் பூசினால் எழுத்து மட்டும் வெள்ளையாக எழும்பும். அருளப்பண்ணன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நெத்தியில பூசிக்க எங்களுக்கே வருஷத்துல ஒரு நாள்தான். டயருக்கு இன்னிக்கே சாம்பல் புதனா?"

தங்கச்சி மகன்

எழும்பியது மூன்றே எண், கடைசி எண் ஆறு. ரெண்டாயிரத்துக்கு முந்தின டயர்களில் வருஷத்தின் கடைசி எண் மட்டும்தான் இருக்கும். எண்பத்தாறா, தொண்ணூற்றாறா என்று டயர் சொல்லாது. அதை வீட்டுக்காரரிடம்தான் பிடுங்க வேண்டும்.

"தொண்ணூத்தாறு தம்பி. என் தங்கச்சி கல்யாணத்துக்கு மாத்துனது."

"தங்கச்சிக்குப் புள்ளைங்க இருக்காங்களாங்க?"

"ஒரே பையன். ஓசூர்ல இருக்கறான்."

"அவருக்கு?"

"அவன் பொண்ணு பத்தாவது எழுதுறா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி விரல் மடக்கினார். தொண்ணூற்றாறில் கல்யாணம் ஆனவளுக்குப் பத்தாவது படிக்கிற பேத்தி வந்துவிடுவாளா?

எண்பத்தாறேதான். காற்றை ஏற்றிக் காட்டினேன். பட்டன் பளபளவென்றிருக்க, ரிம்மை ஒட்டின இடத்தில் சுற்றிலும் விரிசல் வாய் திறந்தது. ரப்பர் ஓடித்தான் கெடும் என்றில்லை, சும்மா நின்றாலும் கெடும். கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்கிற சூட்டுக்கு இது தாங்காது, வெடித்தால் உள்ளே இருப்பது உங்கள் மகள் என்றேன். அருளப்பண்ணன் விடவில்லை. "அப்பா இந்த வண்டிக்குக் கடைசியா வாங்குனது இதுதாந் தம்பி. ஒரு நாளைக்குத்தானே?" ஸ்டெல்லாவும் கூட வந்திருந்தாள். கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டே, "எனக்கும் ஒரு நாள்தாம்ப்பா கல்யாணம்" என்றாள்.

பின் சக்கரம்

ஐந்தும் புது டயர் போட்டோம், ஸ்டெப்னியோடு. தேதி வெளியே. பழசைக் கோணியில் கட்டி அருளப்பண்ணனிடமே கொடுத்து அனுப்பினோம். கல்யாணத்தன்று காலையில் முருகேசண்ணனும் நானும் வெள்ளை வேட்டியில் போய் நின்றோம். அருளப்பண்ணன் வீட்டு வாசலில் வண்டி கண்ணாடி மாதிரி நின்றது. ஊர் ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் எந்த வண்டி பட்டறையை விட்டுப் போனாலும் முதல் நெடும்பயணத்துக்கு எலுமிச்சை வைக்காவிட்டால் முருகேசண்ணனுக்குச் சோறு இறங்காது. "ரெண்டும் இருக்கட்டும்" என்று அருளப்பண்ணனும் சிரித்தார். பொண்ணு தலையில் வெள்ளை நெட்டோடு உள்ளே ஏறி உட்கார்ந்தாயிற்று.

மூன்று சக்கரத்துக்கு வைத்துவிட்டு நாலாவதுக்குக் குனிந்தேன். பின்பக்கம், இடது சக்கரம். தேதி இல்லை. வழவழவென்று வெறும் ரப்பர். எங்கள் கை மாட்டினது அப்படி இருக்காது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்தேன். உள்பக்கம் சாக்பீஸ் வெள்ளை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று எண், கடைசியில் ஆறு.

வெளியே வந்தால் அருளப்பண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பூசைக்கு நேரமாச்சு, எடுக்கலாமுங்க" என்றார்.

"அந்தச் சக்கரம் நம்ம மாட்டுனது இல்லீங்களே" என்றேன். அவர் முணுமுணுத்தார்: "பஞ்சர் கடையில குடுத்துப் பழச மாட்டுனேன் தம்பி. அப்பாருது ஒண்ணாச்சும் பேத்தி கூடக் கோயிலு வரைக்கும் உருளட்டும்னுதான்."

ஆனாலும் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் கையைப் பிடித்து விரிசலில் வைத்தேன். காற்று நிறைந்திருந்த இடத்தில் அவர் கட்டைவிரல் நகம் உள்ளே போனது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டெல்லா கதவைத் திறந்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். "தாத்தா வரட்டும்ப்பா. டிக்கில உக்காந்து வரட்டும். அவர் மேல ஏறி நான் வரமாட்டேன்."

கழற்றின புதுச் சக்கரம் டிக்கியில்தான் கிடந்தது. முருகேசண்ணன் ஜாக்கி போட்டார், நான் போல்ட்டைக் கழற்றினேன், பெண் வீட்டார் மொத்தப் பேரும் பட்டு வேட்டியில் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். பழசு டிக்கிக்குள் போனது. யாரோ அதன் மேல் ஒரு மாலையும் போட்டார்கள். மஞ்சவாடியில் அருளப்பண்ணன் நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கினார். பின்னால் பைக்கில் வந்த நான் நாலு சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சேலத்தில் கோயில் வாசலில் வண்டி நின்றது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்க முன்கதவுக்கு ஓடினார்கள். அருளப்பண்ணன் இறங்கி நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். வரவேற்க வந்திருந்த அந்தக் கோயில் ஃபாதர் மாலை போட்ட டயரைப் பார்த்து நின்றுவிட்டார். அருளப்பண்ணன் கை கூப்பிச் சொன்னார்: "இவரும் பொண்ணு வூட்டுக்காரர்தானுங்க ஃபாதர். கொஞ்சம் தீர்த்தம் தெளிச்சு வுடுங்க."

டயரின் வயதைச் சொல்ல ஒரு துண்டு சாக்பீஸ் போதும், அதைக் கழற்றச் சொல்லத்தான் ஒரு கல்யாணப் பெண் தேவைப்படுகிறாள்.