அப்பாவின் வலது கால்

விடுமுறைக்கு வர்கலா போவதென்று முடிவாகி, கடல் தெரிகிற அறையும் நல்ல மீன் சாப்பாடும் எங்கே கிடைக்கும் என்று என் மகள் செல்போனில் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வீடியோவில் கார் ஒன்று கடலோர வளைவில் வேகமாகத் திரும்பியது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் அப்பாவின் வலது கால் பிரேக் பிடிப்பதுபோலத் தரையை அழுத்தியது.

எட்டு வயதில் நான் பார்த்த அதே கால். அப்பா காரைக்குடி–தொண்டி பஸ்ஸின் டிரைவர். தினமும் கடலோரம்வரை போவார். உடனே வண்டியைத் திருப்பியாக வேண்டும் என்பதால் கடற்கரை மணலை மிதித்ததே இல்லை. ஒரு லீவு நாளில் எங்களை அதே பஸ்ஸில் கூட்டிப்போனார். வேறொருவர் ஓட்ட, பயணியாக உட்கார்ந்திருந்த அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் தரையை மிதித்தார்.

"இன்னைக்கு நீங்க ஓட்டல. பேசாம வாரீகளா" என்று அம்மா சிரித்தாள்.

தொண்டியில் இறங்கியதும் சாப்பாட்டுக் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "நம்ம டிரைவர் குடும்பத்தோட வந்துருக்காக. மொதல்ல இங்குட்டு எலையப் போடு."

கல்லிலிருந்து நேராக இலைக்கு வந்தது மீன். வாய் சுட்டாலும் நான் நிறுத்தவில்லை. அந்தக் கடலே அப்பாவுடையதுதான் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் சொல்லித் திரிந்தேன்.

"தாத்தா, நீங்களும் வாரீகளா?" என்றாள் மகள்.

"வண்டிய யாரு ஓட்டுறது?"

"அம்மாதான்."

அப்பா என்னைப் பார்த்தார். "அவ ஓட்டுனா வாரேன். காலை நீட்டி உக்காந்துக்கிறலாம்."