பசு நின்ற வீடு

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் அப்போது ஒரு கண்டக்டர் இருந்தார். ஒல்லியான உடம்பு, தொளதொளவென்ற காக்கிச் சட்டை. பஸ் பிதுங்கி வழிந்தாலும், "உள்ள இடமிருக்குங்க, வாங்க" என்றுதான் கூப்பிடுவார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருவானைக்காவலில் ஒரே அறையில் ஒரு வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு, தினமும் அவர் பஸ்ஸில் போய்வந்த என்னையும் அழைத்தார். முன்வாசலுக்கு நேரே பின்வாசல் வைத்திருந்தார். ஏனென்று கேட்டேன்.

"முதல்ல பசு உள்ள வரணுமில்லைங்களா? வந்தா திரும்ப இடமிருக்காது. நேரா போயிடட்டும்னுதான்."

ஆனால் வந்த பசு நடுவீட்டில் நின்றுவிட்டது. இழுத்தார்கள், தட்டினார்கள், நகரவில்லை. வீடு முழுக்கப் பசுதான். வெளியே நின்ற உறவினர்கள் சிரித்தார்கள். அவர் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது.

கண்டக்டர் பசுவின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"விடுங்க, அதுக்கு வீடு பிடிச்சுப்போச்சு" என்றவர், எங்கள் பக்கம் திரும்பி, "உள்ள இடமிருக்குங்க, வாங்க" என்றார்.

மனைவியும் சிரித்துவிட்டார். சுவரோடு ஒட்டிக்கொண்டு நுழைந்தோம். எப்படியோ எல்லோருக்கும் இடமிருந்தது.

பிற்பாடு நானும் தில்லைநகரில் மாடிவீடு கட்டினேன். கிரகப்பிரவேசத்தன்று அழைத்து வந்த பசு, அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு கணம்கூட நிற்காமல் வெளியே போய்விட்டது.